பெரிய ட்ரெய்லருக்கு டீசல் பிக்கப்: முக்கால் டன்னா, ஒரு டன்னா, இரட்டைச் சக்கரமா?

வட அமெரிக்காவில் பெரிய பிக்கப்களை முக்கால் டன் (எஃப்-250, ராம் 2500 போன்றவை), ஒரு டன் (எஃப்-350, ராம் 3500 போன்றவை) என்று பிரிப்பார்கள். இவை வகைப் பெயர்கள் மட்டுமே. பின் ஆக்சிலில் பக்கத்துக்கு இரண்டு டயர் உள்ள ஒரு டன் வண்டிதான் இரட்டைச் சக்கரம். அங்கே டீசல் பிக்கப் வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது விளம்பரத்தில் இருக்கும் இழுவைத் திறன். 18,000 பவுண்டு, 20,000 பவுண்டு என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். 14,000 பவுண்டு ட்ரெய்லர் வைத்திருப்பவர் அதைப் பார்த்துவிட்டு, தாராளமாகப் போதும் என்று முக்கால் டன் வண்டியை வாங்கிவிடுகிறார். எடைமேடையில் ஏற்றிய பிறகுதான் வண்டி தன் வரம்பைத் தாண்டி நிற்பது தெரிகிறது. இழுக்கிற எடை வேறு, சுமக்கிற எடை வேறு. இன்றைய டீசல் எஞ்சின் எதுவானாலும் இழுத்துவிடும். ஸ்பிரிங்கும் ஆக்சிலும் டயரும்தான் தாங்க வேண்டும். அதனால் முதலில் ட்ரெய்லர், அடுத்து ஹிட்ச் (ட்ரெய்லரை ட்ரக்கோடு பிணைக்கும் இணைப்பு), கடைசியில் ட்ரக் என்ற வரிசையில் முடிவெடுங்கள். ஷோரூமில் தொடங்கினால் கணக்கு தலைகீழாகிவிடும்.

முன்பாரம்: எல்லாக் கணக்குக்கும் அடிப்படை

மாட்டுவண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இது தெரிந்த விஷயம். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தை அழுத்தும்; பின்பாரம் கூடினால் நுகத்தடி தூக்கிக்கொள்ளும். ட்ரெய்லரும் அதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான்; அதன் முன்முனை ட்ரக்கின் மேல் இறக்கும் எடையே முன்பாரம். ட்ரக்கின் பின்னால் இரும்புப் பந்தில் மாட்டி இழுக்கும் ட்ரெய்லருக்கு, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும். 10க்குக் கீழே போனால் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ட்ரக் படுக்கைக்குள் (பின்பக்கச் சாமான் தளம்) அமரும் ஃபிஃப்த் வீல், கூஸ்நெக் வகைகளில் இது 15 முதல் 25 சதவீதம் வரை போகும். குடும்பங்கள் வாங்கும் ஃபிஃப்த் வீல் முகாம் வண்டிகளில் 20க்குக் குறைவாக எதிர்பார்க்க வேண்டாம். படுக்கையறை, துணி அலமாரி, பேட்டரி, முன்பக்கச் சாமான் அறை எல்லாம் ட்ரக்கோடு பூட்டும் முள்ளான கிங்பின்னுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

நிறுவனங்கள் இழுவைத் திறனைச் சொல்ல எஸ்ஏஇ ஜே2807 என்ற சோதனை முறையைப் பின்பற்றுகின்றன. அரிசோனாவின் டேவிஸ் அணைச் சாலை ஏற்றத்தை அளவுகோலாக வைத்து, ஏ.சி. ஓடும் நிலையில் செய்யும் கடுமையான சோதனை அது. எஞ்சினையும் குளிர்விப்பையும் பற்றி அது சொல்வதை நம்பலாம். ஆனால் அதில் ட்ரக்குக்குள் இருப்பது ஓட்டுநரும் ஒரு பயணியும் மட்டுமே, தலைக்கு 150 பவுண்டு. ஃபிஃப்த் வீலுக்கு எடுத்துக்கொள்ளும் முன்பாரம் 15 சதவீதம். நான்கு பேர், கருவிப்பெட்டி, 22 சதவீத முன்பாரம் என்று வருகிற குடும்பத்துக்கு அந்த எண் பொருந்தாது.

கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாள்

ஓட்டுநர் கதவைத் திறந்து தூணைப் பாருங்கள். ஒரு ஸ்டிக்கரில் வண்டியின் உச்சபட்ச மொத்த எடையும், முன் ஆக்சில், பின் ஆக்சில் வரம்புகளும் இருக்கும். பக்கத்தில் மஞ்சள் பட்டையோடு இன்னொன்று: ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. அந்த இரண்டாவது எண்தான் சுமைத்திறன். விற்பனையாளர் தரும் விளக்கப் புத்தகத்தில் இருப்பது மிக எளிய மாடலுக்கான எண். சன்ரூஃப், நான்கு சக்கர இழுவை, சொகுசு இருக்கை என்று ஏற ஏற அது இறங்கிவிடும். அதனால் நீங்கள் வாங்கப்போகிற அதே வண்டியின் கதவைத் திறந்து படியுங்கள். உச்சபட்ச எடை 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிகளில் மஞ்சள் தாள் இல்லாமலும் இருக்கலாம். அப்போது டேங்க் நிரப்பி, காலி வண்டியை எடைமேடையில் ஏற்றி, உச்சபட்ச எடையிலிருந்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

முக்கால் டன் டீசல் வண்டிகள் பலவற்றின் உச்சபட்ச எடை சரியாக 10,000 பவுண்டில் நிற்பது தற்செயல் அல்ல. அமெரிக்க வகைப்பாட்டில் 8,501 முதல் 10,000 வரை ஒரு வகுப்பு, 10,001 முதல் 14,000 வரை அடுத்த வகுப்பு. அடுத்ததற்குப் போனால் தொழில்முறைப் பயன்பாட்டுக்குக் கூடுதல் விதிகளும், சில மாநிலங்களில் பதிவுக் கட்டணமும் ஏறும். அதனால் அந்த எல்லையிலேயே நிறுத்திவிடுகிறார்கள். டீசல் எஞ்சினோ பெட்ரோல் எஞ்சினைவிடப் பல நூறு பவுண்டு கனமானது. மேல்வரம்பு அசையாமல் நிற்க, எஞ்சின் எடை மட்டும் கூடினால் சுமைத்திறன்தான் சுருங்கும். கனமான ட்ரெய்லருக்காகவே டீசல் வாங்கியவர், சுமக்கும் திறனில் பெட்ரோல் வண்டிக்காரரைவிடக் குறைவாகப் பெறுவது இப்படித்தான். சில மாடல்களில் வரம்பு 10,000க்கு மேலும் வருகிறது. ஸ்டிக்கரைப் படிக்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

சாமான் ஏற்றிய ஃபிஃப்த் வீல் 13,860 பவுண்டு, முன்பாரம் 3,080. இது 22 சதவீதம். நடைமுறையில் சாதாரணமாக வருகிற அளவு. ட்ரக்கில் நான்கு பேர் 600, ஹிட்ச் 180, கருவி, கட்டை, சங்கிலி எல்லாம் 220. மொத்தம் 4,080 பவுண்டு ட்ரக்கின் முதுகில் ஏறுகிறது.

சுமைத்திறன் 2,400 உள்ள முக்கால் டன் டீசலில் இது 1,680 பவுண்டு மிகை. கொஞ்சம் அப்படி இப்படி என்று விட்டுவிடக்கூடிய அளவல்ல. 4,200 உள்ள ஒரு டன் ஒற்றைச் சக்கர வண்டியில் 120 மிச்சம். அதாவது படுக்கையில் ஒரு ஜெனரேட்டர் வைத்தாலே இடம் தீர்ந்துவிடும். 5,500 உள்ள இரட்டைச் சக்கர வண்டியில் 1,420 பவுண்டு கையிருப்பு.

இதையே பந்தில் மாட்டி இழுக்கும் முகாம் வண்டியான ட்ராவல் ட்ரெய்லர் ஒன்றுக்கு, 9,000 பவுண்டு என்று வைத்துப் போடுங்கள். 13 சதவீத முன்பாரம் 1,170, எடைப்பகிர்வு ஹிட்ச் 100, ஆட்கள் 600, சாமான் 220: மொத்தம் 2,090. அதே முக்கால் டன் டீசல் 310 பவுண்டு மிச்சத்தோடு இதைச் சுமக்கும். ஆக, முக்கால் டன் குறைந்த வண்டி அல்ல, அதற்கு ஏற்ற ட்ரெய்லர் வேறு.

எந்த ஹிட்ச்?

*பந்தும் எடைப்பகிர்வும்.* சுமார் 10,000 பவுண்டு வரை இதுவே சிக்கனமான வழி. ட்ரக் படுக்கை முழுக்கக் காலியாக இருக்கும், ட்ரெய்லரும் விலை குறைவு. குறை என்னவென்றால் பந்து பின் ஆக்சிலிலிருந்து நான்கைந்து அடி தள்ளி இருக்கிறது. அந்த நெம்புகோலால் பின்பக்கம் அமிழ, முன்பக்கம் தூக்கும். முன் டயரில் எடை குறைந்தால் ஸ்டீயரிங் இலகுவாகி, ஈரச் சாலையில் வண்டி சொல்பேச்சு கேட்காது. எடைப்பகிர்வு ஹிட்சின் இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் அந்த எடையில் ஒரு பங்கை முன் ஆக்சிலுக்கும் ட்ரெய்லர் ஆக்சிலுக்கும் திருப்பி அனுப்புகின்றன.

இதை அமைக்கும்போது கண்ணால் பார்த்து 'மட்டமாக இருக்கிறது' என்று விடக்கூடாது. டேப் வைத்து அளக்க வேண்டும். சமதரையில் ட்ரக்கைத் தனியாக நிறுத்தி, தரையிலிருந்து முன் சக்கர வளைவின் விளிம்பு வரை அளவெடுங்கள். 39 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கம்பிகளை மாட்டாமல் ட்ரெய்லரை மட்டும் ஏற்றி மறுபடி அளந்தால் 40 வரும். இப்போது ட்ரெய்லர் ஜாக்கால் இணைப்பைத் தூக்கி, கம்பிகளைப் போட்டு, ஜாக்கை இறக்கி அளவெடுங்கள். ஏறிய 1 அங்குலத்தில் பாதியைத் திருப்பச் சொல்லும் ட்ரக்கில் 39½ வர வேண்டும். முழுவதும் திருப்பச் சொல்லும் ட்ரக்கில் 39. எது என்பது உரிமையாளர் கையேட்டில் இருக்கும். 39க்குக் கீழே இறங்கினால் கம்பி இறுக்கம் அதிகம். பின் டயரில் பிடிமானம் குறைந்து வளைவில் பின்பக்கம் வழுக்கும். ஜாக்கால் தூக்காமல் கம்பிகளை நெம்பி மாட்ட முயல்வதில்தான் கை விரல்கள் நசுங்குகின்றன.

பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர்பேக் (காற்றுப்பை) வைத்திருப்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு. முதலில் காற்றடித்து வண்டியை மட்டமாக்கிவிட்டுக் கம்பிகளை மாட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். முன் ஆக்சிலுக்கு எடையே திரும்பியிருக்காது. ஏர்பேக்கைத் தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்ச அழுத்தத்தில் வைத்து எடைப்பகிர்வை முடித்துவிட்டு, தேவைப்பட்டால் பிறகு காற்றடியுங்கள்.

*ஃபிஃப்த் வீல்.* ஊரில் கண்டெய்னர் லாரியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. 2 அங்குலக் கிங்பின், தட்டு, தாடை என்று அதே இணைப்புத்தான் சிறிய அளவில். கிங்பின் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால் அமர்வதால் நெம்புகோல் இல்லை, வாலாட்டமும் அநேகமாக இல்லை. 12,000 பவுண்டுக்கு மேல் போகும் முகாம் ட்ரெய்லருக்கு எங்கள் தேர்வு இதுதான். படுக்கை இடம் போய்விடுகிறது, சுமைத்திறன் அதிகம் கேட்கிறது: இவை இரண்டும் அதற்குக் கொடுக்கும் விலை.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது உயரம். ட்ரெய்லரின் தட்டு ஹிட்ச் தட்டைவிட அரை முதல் 1 அங்குலம் தாழ்வாக இருக்க வேண்டும். ட்ரக்கைப் பின்னால் எடுக்கும்போது ஹிட்ச் தட்டு ட்ரெய்லரை லேசாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும். தாடை 'டக்' என்று மூடும். ட்ரெய்லர் உயரமாக இருந்தால் கிங்பின்னின் கீழ்விளிம்பு மட்டும் தாடையில் தொற்றிக்கொள்ளும், கைப்பிடி மூடியது போலவே தெரியும். கிளம்பிய கொஞ்ச தூரத்தில் கிங்பின் வெளியே வந்து, ட்ரெய்லர் படுக்கைச் சுவர்மேல் விழும். இதைத் தடுக்க இரண்டே வேலை. டார்ச் அடித்துத் தாடை கிங்பின்னைச் சுற்றி மூடியிருப்பதையும், இரண்டு தட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியாததையும் பாருங்கள். பிறகு ட்ரெய்லரின் முன்கால்களைத் தரையிலேயே விட்டு, ட்ரெய்லர் பிரேக்கைக் கையால் அழுத்திப் பிடித்தபடி ட்ரக்கை மெதுவாக முன்னால் இழுத்துப் பாருங்கள். இழுத்தும் விடவில்லையென்றால் கால்களைத் தூக்கலாம்.

*கூஸ்நெக்.* படுக்கை நடுவில் 2 5/16 அங்குலப் பந்து. இயந்திரம், குதிரை, வைக்கோல் ஏற்றுகிறவர்களின் தேர்வு. பந்தைக் கழற்றினால் படுக்கை வெறுமையாகிவிடும், விலையும் குறைவு. சிலர் ஃபிஃப்த் வீல் ட்ரெய்லரில் அடாப்டர் ஒன்றை மாட்டிக் கூஸ்நெக் பந்தில் இழுக்கிறார்கள். எடை மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் அந்த நீண்ட குழாய் ட்ரெய்லர் சட்டத்தின் முன்பகுதியை முறுக்கும் விசையைப் பலமடங்காக்குகிறது. வெல்டிங் விரிசல் அங்கேதான் தொடங்கும். அடாப்டர் போட்டால் உத்தரவாதம் செல்லாது என்று சொல்லும் சட்டத் தயாரிப்பாளர்களும் உண்டு. எழுத்தில் அனுமதி பெறாமல் அதைச் செய்யாதீர்கள்.

எந்த ட்ரக்?

ஃபோர்டின் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக், ஜிஎம்மின் 6.6 லிட்டர் டியூராமேக்ஸ், ராமின் 6.7 லிட்டர் கம்மின்ஸ் மூன்றும் இந்த வேலைக்குப் போதுமானவை. எஞ்சின் பெயரை வைத்துச் சண்டை போடுவதில் பயனில்லை. மூன்றிலும் இறக்கத்தில் எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறதா, முந்தைய உரிமையாளர் புகைவடிகட்டியைக் கழற்றி எறியாமல் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். கழற்றிய வண்டி அமெரிக்காவில் சட்ட விரோதம்.

முக்கால் டன்னுக்கும் ஒரு டன் ஒற்றைச் சக்கரத்துக்கும் நடுவே தடுமாறினால், ஒரு டன்னை எடுங்கள். எஃப்-250க்கும் எஃப்-350க்கும் பெரும்பாலான பாகங்கள் பொதுவானவை. ராமில் வித்தியாசம் பெரிது: 2014 முதல் 2500இன் பின்னால் காயில் ஸ்பிரிங், 3500இல் லீஃப் ஸ்பிரிங். காயில் சொகுசாக ஓடும், கிங்பின் சுமை ஏறினால் சீக்கிரம் அமிழும். எதுவானாலும் மொத்த விலையோடு பார்த்தால் கூடுதல் பணம் சிறியது. வாங்கிய பிறகு எத்தனை பாகம் மாற்றினாலும் கதவு ஸ்டிக்கரின் எண் மாறாது.

இரட்டைச் சக்கரம் எப்போது? முன்பாரம் 3,200 பவுண்டைத் தாண்டினால், அல்லது ட்ரெய்லர் 16,000ஐத் தொட்டால் யோசிக்காமல் அதற்குப் போங்கள். பக்கக் காற்றிலும், பெரிய லாரி கடந்துபோகும் வீச்சிலும் அகலமான அந்த நான்கு டயர்கள் தரும் உறுதியை வேறு எதுவும் தராது. பின் டயர் ஒன்று வெடித்தாலும் பக்கத்து டயர் தாங்கிக்கொள்ளும். அதே வண்டியில் தினமும் வேலைக்குப் போகிறவர் என்றால் நன்றாக யோசிக்க வேண்டும். பார்க்கிங் கோட்டுக்குள் அடங்காது, ஆறு டயர் வாங்க வேண்டும், காலி வண்டி பனியில் எளிதில் சறுக்கும்.

படுக்கை நீளத்தில் எங்கள் கருத்து தெளிவானது: ஃபிஃப்த் வீல் என்றால் 8 அடி. ட்ரெய்லரின் அகலம் 102 அங்குலம் வரை வரும், பாதி 51. கிங்பின்னிலிருந்து கேபினின் பின்கண்ணாடிவரை 51க்கு மேல் இடம் இல்லையென்றால், கூர்மையாகத் திரும்பும்போது ட்ரெய்லரின் மூலை கண்ணாடியை உடைக்கும். 6½ அடிப் படுக்கைக்கு நகரும் ஹிட்ச் இருக்கிறது. ஆனால் கையால் நகர்த்தும் வகையில், முகாம் இடத்தில் பின்னால் எடுக்கும் முன் இறங்கி அதை நகர்த்த மறந்த ஒரு நாள் போதும். படுக்கைச் சுவரின் மேல்விளிம்புக்கும் ட்ரெய்லரின் அடிப்பகுதிக்கும் நடுவே 6 அங்குல இடைவெளியும் வேண்டும். இல்லாவிட்டால் மேடு பள்ளத்தில் ஒன்றோடொன்று மோதும்.

எதற்குப் பணம் போடலாம், எதற்கு வேண்டாம்

ஏர்பேக் வண்டியை மட்டமாக்கும், முகப்பு விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காமல் காக்கும். சுமைத்திறனை ஒரு பவுண்டுகூட உயர்த்தாது. வரம்பு மீறிய வண்டியை ஏர்பேக்கால் நிமிர்த்தினால், மீறியது கண்ணுக்குத் தெரியாமல் போவது மட்டுமே நடக்கிறது.

டயரில் சிக்கனம் வேண்டாம். எல்டி275/70ஆர்18 ஈ வகை டயர் 80 பிஎஸ்ஐயில் ஒன்று 3,640 பவுண்டு தாங்கும். பின் ஆக்சிலுக்கு 7,280. காலி வண்டிக்காகக் காற்றைக் குறைத்து ஓட்டுகிறவர்கள், ட்ரெய்லர் மாட்டும் முன் பின் டயர்களைக் கதவு ஸ்டிக்கர் சொல்லும் அழுத்தத்துக்கு ஏற்ற மறக்கக்கூடாது. ட்ரெய்லர் டயரில் தேயாத பட்டனைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஓடாமல் வெயிலில் நின்றே ரப்பர் கெட்டுவிடும். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு.

படுக்கையில் கூடுதல் டீசல் டேங்க் வைப்பவர்கள் எடையைக் கணக்கில் சேர்க்க வேண்டும். கேலன் சுமார் 7 பவுண்டு. 50 கேலன் 350 பவுண்டு, டேங்க் தனி. ட்ரெய்லரின் குடிநீரும் அப்படியே: 60 கேலன் என்றால் 500 பவுண்டு. தண்ணீர்த் தொட்டி ட்ரெய்லர் ஆக்சிலுக்குப் பின்னால் இருந்தால், நிரப்பியதும் முன்பாரம் குறைந்து வாலாட்டம் தொடங்கலாம். வாலாடினால் ட்ரக் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கைவிசையால் அழுத்துங்கள்.

டீசல் வண்டிக்கே உரியவை சில. இழுக்கும்போது புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா திரவம் வேகமாகத் தீரும். −11 டிகிரி செல்சியஸில் அது உறையும் என்பதால் குளிர்கால உபரிக் கேனை வீட்டுக்குள் வையுங்கள். புகைவடிகட்டிக்கு நீண்ட இழுவை நல்லது, புகைவெப்பம் ஏறிக் கரி எரிந்துவிடும். கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் வண்டியில்தான் அது அடைத்துக்கொள்கிறது.

பிரேக்

ட்ரக்கிலிருந்து ட்ரெய்லர் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலர் தொழிற்சாலையிலிருந்தே பொருத்தி வரும் வண்டியை எடுங்கள். பழைய வண்டிக்குத் தனியாக வாங்கினால், ட்ரக் எவ்வளவு வேகம் குறைகிறதோ அதற்கேற்ப அழுத்தும் வகையை வாங்குங்கள். நேரக்கணக்கில் அழுத்தும் மலிவு வகை வேண்டாம். சரிசெய்வது இப்படி: சில முறை பிரேக் பிடித்துச் சூடேற்றிவிட்டு, காய்ந்த சமதரையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் கைவிசையை முழுதாக அழுத்துங்கள். ட்ரெய்லர் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டால் குறைக்கவும். வேகமே குறையாவிட்டால் கூட்டவும். பூட்டுவதற்குச் சற்று முன்புள்ள நிலையே சரி. சாமானின் எடை மாறினால் மறுபடி பாருங்கள்.

எவ்வளவு கூட்டினாலும் பிடிக்காத ட்ரெய்லரில் இரண்டு சந்தேகம் வர வேண்டும். ஒன்று, மெல்லிய கம்பி. ஒவ்வொரு சக்கரக் காந்தமும் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். நான்கு சக்கரத்துக்கு 12. தொழிற்சாலை போட்ட மெல்லிய கம்பியிலும் துருவேறிய இணைப்பிலும் மின்னழுத்தம் விழுந்துவிடும். மற்றது, கிரீஸ். முனையிலிருந்தே கிரீஸ் அடிக்கும் வசதியுள்ள ஹப்பில் வேகமாகப் பம்ப் செய்தால் உள்பக்க சீல் பிதுங்கி, கிரீஸ் பிரேக் ஷூவில் படியும். டிரம்மைக் கழற்றினால் ஷூ கறுத்துப் பளபளவென்று இருக்கும். துடைத்தால் போகாது, ஷூவையும் சீலையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

எடைமேடை, உரிமம், நட்டு

லாரிகள் நிற்கும் எரிபொருள் நிலையங்களில் கேட் (CAT) என்ற பெயருள்ள எடைமேடை இருக்கும். முன் ஆக்சில் ஒரு தட்டில், பின் ஆக்சில் அடுத்த தட்டில், ட்ரெய்லர் மூன்றாவதில் நிற்கும்படி ஏற்றிச் சீட்டு வாங்குங்கள். ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு ட்ரக்கை மட்டும் அதே ஆட்களோடு மறுபடி நிறுத்துங்கள். மேலே போட்ட உதாரணத்தில் முதல் சீட்டில் முன் 5,110, பின் 6,570, ட்ரெய்லர் 10,780. இரண்டாவதில் ட்ரக் மட்டும் 8,600. முதல் சீட்டின் முன், பின் எண்களைக் கூட்டினால் 11,680. அதில் 8,600 போக 3,080. அதுதான் உண்மையான முன்பாரம். பின் ஆக்சில் 6,570 டயரின் 7,280க்குள் இருக்கிறது. ஆனால் 10,000 பவுண்டு வண்டியாக இருந்தால் மொத்த எடை மீறிவிட்டது. டயர் தாங்குகிறதே என்று அதை விட்டுவிடாதீர்கள்.

ஓட்டுநர் உரிமம் இடத்துக்கு இடம் மாறும். கலிஃபோர்னியாவில் 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட ட்ராவல் ட்ரெய்லருக்கும், 15,000க்கு மேற்பட்ட ஃபிஃப்த் வீலுக்கும் வணிகமல்லாத ஏ வகுப்பு உரிமம் வேண்டும். ஒன்டாரியோவில் ட்ரெய்லர் 4,600 கிலோவைத் தாண்டுகிறதா என்பதை முதலில் பார்த்து, உங்கள் ஜி உரிமம் போதுமா என்று போக்குவரத்து அமைச்சகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். ட்ரெய்லர் வாங்க முன்பணம் கொடுக்கும் முன்பே இதைச் செய்யுங்கள்.

முதல் பயணத்தில் 80 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, ட்ரெய்லர் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் கையேடு சொன்ன அளவுக்கு மறுபடி இறுக்குங்கள். புதுச் சக்கரத்தின் பெயின்ட் நசுங்கி இறுக்கம் தளர்வது வழக்கம். அப்படியே ஹப்பின் அருகே புறங்கையை வைத்துப் பாருங்கள். நான்கும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தின் பேரிங்கையோ பிரேக்கையோ பார்க்காமல் கிளம்பக்கூடாது.